தூள் நிலக்கரியும் தூய சுடரும்

எரித்தல் எளிது, நன்றாக எரித்தல் அரிது. காற்றுக் குறைந்த அடுப்புப் புகைகின்றது. காற்று மிகுந்த அடுப்போ வெப்பத்தை வீணே வெளியில் இறைக்கின்றது. வீட்டடுப்பிற் காணப்படும் இவ்வுண்மையே மாபெரும் மின்னிலையங்களின் கொதிகலன்களிலும் ஆட்சி செய்கின்றது. 300 மெகாவாற்று வலுவுடைய ஓர் அலகு முழு அளவில் இயங்கும்போது மணிக்கு 100 தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியை எரிக்கின்றது. ஆதலின் அடுப்பிலே சிறு குறையாகத் தோன்றுவது அங்கே ஊராரின் மூச்சுக்காற்றையே கெடுக்கும் பெருங்கேடாகி விடுகின்றது. அக்கேட்டைக் குறைக்கும் பணியில் ஒரு பெரும் பங்கு, எரிப்பான் என்னும் கருவியின் அமைப்பைச் சார்ந்துள்ளது.

முன்னாளிற் கொதிகலன்களில் நிலக்கரி கட்டிகளாகவே இரும்புத் தட்டிகளின்மேல் எரிக்கப்பட்டது. 1918 ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலுள்ள ஒனைடா வீதி மின்னிலையத்தில், நிலக்கரியைத் தூளாக்கி எரிக்கும் சோதனைகள் நடைபெற்றன. அவற்றின் வெற்றியைத் தொடர்ந்து, அந்நகருக்கு அணித்தே 1921 இல் இயங்கத் தொடங்கிய லேக்சைட் மின்னிலையம் தூள் நிலக்கரியையே முழுமையாக நம்பி அமைக்கப்பட்டது. அம்முறை பின்னர் உலகெங்கும் பரவியது. இலங்கையில் நுரைச்சோலையில் 2011 இல் இயங்கத் தொடங்கி, 2014 இல் மூன்று அலகுகளுடன் நிறைவுற்ற லக்விஜய மின்னிலையமும் அவ்வழி வந்ததே.

தூளாக்குவதன் பயன் யாது? ஒரு கட்டியை நுண்ணிய துகள்களாக உடைக்கும்போது காற்றுடன் தொடர்புறும் மேற்பரப்புப் பன்மடங்கு பெருகுகின்றது. பொதுவாக, அரைக்கப்பட்ட தூளில் நூற்றுக்கு 70 பங்கேனும் 75 மைக்கிரோன் அளவுடைய கண்களைக் கொண்ட அரிதட்டினூடாகச் செல்லுதல் வேண்டும். எரிதலுக்கு வேண்டிய காற்றில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இத்தூளை உலர்த்தி, குழாய் வழியே எரிப்பானுக்கு ஏந்திச் செல்கின்றது. இது முதற்காற்று எனப்படும். எஞ்சிய காற்று வெப்பமேற்றப்பட்டு, தூள் வரும் மூக்குக்குழாயைச் சூழ்ந்த வளையங்களினூடாகச் சுழன்று உலையுட் புகுகின்றது. இது துணைக்காற்று எனப்படும். இச்சுழற்சியால் நடுவில் அமுக்கம் குறைய, உலையிலுள்ள வெப்பவாயு பின்னோக்கி ஈர்க்கப்பட்டுப் புதிதாக வரும் தூளைப் பற்றவைக்கின்றது. சுடர் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன் இரகசியம் இதுவே. பற்றிய துகளிலிருந்து ஆவியாகும் பொருள்கள் செக்கனில் ஒரு சிறு பின்னத்துள் வெளியேறி எரிகின்றன. எஞ்சிய கரி எரிந்து முடிய ஏறத்தாழ ஒரு செக்கன் ஆகின்றது.

எரிப்பான் அமைப்போர் நெடுங்காலம் மூன்று விதிகளையே போற்றினர்: போதிய காலம், உயர்ந்த வெப்பநிலை, மிகுந்த கலப்பு. காற்றையும் தூளையும் விரைந்து கலந்து கடுஞ்சுடரை உண்டாக்குதலே சிறப்பெனக் கருதப்பட்டது. அச்சுடர் கரியை எஞ்சவிடாது எரித்தது. ஆயினும் வேறொரு தீமையை ஈன்றது. காற்றிலுள்ள நைதரசன் ஏறத்தாழ 1500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஒட்சிசனோடு கணிசமாகக் கூடுகின்றது. இத்தாக்கத்தின் படிகளை இரசிய அறிஞர் செல்தோவிச்சு 1946 இல் விளக்கினார். அன்றியும், நிலக்கரியிலேயே பெரும்பாலும் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு வரை நைதரசன் அடங்கியுள்ளது. தூள் நிலக்கரிச் சுடரில் தோன்றும் நைதரசனொட்சைட்டுகளிற் பெரும்பகுதி இந்த உள்ளுறை நைதரசனிலிருந்தே பிறக்கின்றது. இவ்வொட்சைட்டுகள் அமில மழைக்குக் காரணமாவதோடு, சூரிய ஒளியிற் பிற வாயுக்களுடன் தாக்கமுற்று, நுரையீரலை நலியச் செய்யும் ஓசோனையும் தோற்றுவிக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 1970 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் போன்றவை எழுந்தபின், எரிப்பானின் அமைப்பையே மாற்ற வேண்டிய நிலை உண்டாயிற்று.

அம்மாற்றத்தின் கருத்து எளியது. ஒட்சிசனை ஒருங்கே கொடாது, படிப்படியாகக் கொடுத்தல் வேண்டும். பள்ளி ஆய்வுகூடத்திற் பன்சன் சுடரடுப்பின் காற்றுத் துளையைத் திருப்பிச் சுடரை மாற்றும் மாணவர் இதனை எளிதில் உணர்வர். துகளிலிருந்து நைதரசன் சேர்வைகள் வெளிப்படும் தொடக்கப் பகுதியில் ஒட்சிசன் குறைந்திருப்பின், அவை ஒட்சைட்டாக மாறாது, தீங்கற்ற நைதரசன் வாயுவாகவே பெரிதும் மாறிவிடும். ஆகவே புதிய எரிப்பான்களில் துணைக்காற்று உள்வளையம், வெளிவளையம் எனப் பிரிக்கப்பட்டது. உள்வளையக் காற்றுச் சுடரை நிலைநிறுத்துகின்றது. வெளிவளையக் காற்றுச் சற்றுத் தாழ்த்தே கலந்து எரிதலை நிறைவாக்குகின்றது. பல உலைகளில் எரிப்பான்களுக்கு மேலேயும் தனித்துளைகள் வழியே காற்றின் ஒரு பங்கு செலுத்தப்படுகின்றது. இம்முறைகள் கூடிய இடங்களில் நைதரசனொட்சைட்டுகளைப் பாதியளவு குறைத்தலும் இயல்வதாயிற்று.

எனினும் தூய்மைக்கு ஒரு விலை உண்டு. அவ்விலையைப் பெரும்பாலும் உலோகமே செலுத்துகின்றது. நைதரசன் விரைவில் வெளிப்படும் பொருட்டுச் சுடர் மூக்குக்குழாயின் வாயிலேயே பற்றியிருத்தல் வேண்டும். அதனால் வாய்விளிம்பு கடும் வெப்பத்துக்கு உள்ளாகிக் கோணுகின்றது, பிளவுறுகின்றது. கோணிய எரிப்பானிற் காற்று ஒழுங்காகப் பங்கிடப்படாது. அப்போது தூய சுடரும் கெடும். மற்றொரு கேடு தேய்வு. நிலக்கரியோடு வரும் குவாட்சு, பைரைற்று ஆகிய கடிய துகள்கள் உருக்கை அராவுகின்றன. வேகம் இருமடங்காயின் தேய்வு நான்கு முதல் எட்டு மடங்காகின்றது. வேகத்தைக் குறைப்போமெனின், தூள் குழாயிற் படிந்து தீப்பற்றும். குழாய் வளையுமிடத்தில் துகள்கள் ஒரு பக்கம் ஒதுங்கிக் கயிறுபோற் திரண்டு ஓடுவதால் அங்குத் தேய்வு மிகக் கடுமையாகும். மூன்றாவது கேடு உலைச்சுவரிற் காணப்படுவது. ஒட்சிசன் குறைந்த பகுதியிற் கந்தகம் ஐதரசன் சல்பைட்டாகிச் சுவரிலுள்ள நீர்க்குழாய்களை அரிக்கின்றது. அரிப்புற்ற குழாய் வெடிப்பின் அலகு முழுவதும் நின்றுவிடும்.

இக்கேடுகளுக்கு மருந்தும் உண்டு. வெப்பத்துக்கு ஆளாகும் வாய்ப்பகுதி நூற்றுக்கு 25 பங்கு குரோமியமும் 20 பங்கு நிக்கலும் கலந்த உருக்கினாற் செய்யப்படுகின்றது. தேயும் உட்புறத்தில் அலுமினியமொட்சைட்டு, சிலிக்கன் காபைட்டு முதலிய சுடுமண் ஓடுகள் பதிக்கப்படுகின்றன. திரண்ட தூளைச் சிதறடிக்கும் தடைகள் குழாயினுள் அமைகின்றன. ஓய்ந்திருக்கும் எரிப்பானுக்கும் குளிர்விக்கும் காற்றுச் சிறிது செலுத்தப்படுகின்றது. உலைச்சுவரை ஒட்டி மெல்லிய காற்றுப்படலம் விடப்படுகின்றது. அன்றேல் சுவர்க்குழாய்களின்மேல் அரிப்பைத் தாங்கும் நிக்கற் கலப்புலோகம் உருக்கிப் பூசப்படுகின்றது. சுடர் அணையின், அதனைக் கண்காணிக்கும் உணரி உடனே எரிபொருளை நிறுத்துகின்றது. அது தவறினால் எரியாத தூள் உலையில் நிறைந்து வெடித்து, பணியாளரின் உயிருக்கே இறுதி நேரலாம்.

இத்துணையும் செய்தும் ஒரு வினா எஞ்சும். காற்றைத் தாழ்த்திக் கொடுக்கும்போது கரி முற்றாக எரியாது சாம்பரோடு கலத்தல் கூடும். அஃது எரிபொருளின் இழப்பு மட்டுமன்று. கரி மிகுந்த சாம்பர் சீமெந்தோடு கலந்து கொங்கிறீற்று ஆக்குதற்கும் தகுதியற்றதாகும். எனவே தூளை இன்னும் நுண்ணியதாய் அரைத்தலும், எல்லா எரிப்பான்களுக்கும் தூளையும் காற்றையும் சமமாகப் பங்கிடுதலும் இன்றியமையாதன. ஓர் எரிப்பான் பட்டினி கிடக்க மற்றொன்று மிகையுண்ணுமாயின், எத்துணைச் சிறந்த அமைப்பும் பயன்படாது.

எரிப்பான் எல்லாத் தீமைகளையும் நீக்க வல்லதன்று. கந்தகவீரொட்சைட்டையும் பறக்கும் சாம்பரையும் தடுக்க வேறு கருவிகள் வேண்டும். காபனீரொட்சைட்டோ, கரி எரியுமட்டும் தோன்றியே தீரும். ஆயினும் நிலக்கரி எரியும் நாள்வரை அதனைக் குறைந்த தீங்குடன் எரித்தல் பொறியியலாளரின் கடன். தூய்மையும் உறுதியும் இருவேறு குறிக்கோள்கள்போலத் தோன்றினும், எரிப்பானைப் பொறுத்தவரை அவை ஒன்றையொன்று சார்ந்தவை. புதிதாய்ப் பொருத்திய நாளில் மட்டும் தூய்மையாய் எரிந்து, சில திங்களில் தேய்ந்து கோணிப் புகைக்கும் கருவியைத் தூய கருவி எனல் பொருந்தாது. நெடுநாள் தன் வடிவு குன்றாது நிற்பதே உண்மையிற் தூய சுடரைத் தரும்.