குழாய்ச் சட்டமும் மூன்று மைக்ரானும்

பழைய ஆறடி லேத்தின் இடப்பக்க மூடியைத் திறந்தால் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்தபடி நிற்கும். மரை வெட்டுவதற்கு முன் டர்னர் கைவைக்கும் முதல் இடம் அதுதான். லீட் ஸ்க்ரூவில் இஞ்சுக்கு 4 மரை. வெட்ட வேண்டியது இஞ்சுக்கு 12 மரை என்றால் விகிதம் மூன்றில் ஒன்று. எந்தச் சக்கரத்தை எங்கே மாட்டினால் அந்த விகிதம் வரும் என்று சாக்பீஸால் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். மில்லிமீட்டர் மரை கேட்டு ஜாப் வந்துவிட்டால் அலமாரியிலிருந்து தனியாக ஒரு பெரிய சக்கரம் இறங்கும். அதற்கு 127 பற்கள். ஓர் இஞ்ச் 25.4 மி.மீ.; அதை ஐந்தால் பெருக்கினால்தான் முழு எண் வருகிறது, அந்த எண் 127. இஞ்ச் லேத்தில் பிசகில்லாத மெட்ரிக் மரை வேண்டுமென்றால் அந்தக் கனத்த சக்கரத்தைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

இன்று வீட்டு மாடியறையில் ஒருவர் தானே கட்டிய, கணினிக் கட்டளையால் ஓடும் சி.என்.சி. எந்திரத்தில் அந்த மாற்றம் கட்டளைக் கோப்பின் முதல் வரியில் முடிந்துவிடுகிறது. ஜி20 என்றால் இஞ்ச், ஜி21 என்றால் மில்லிமீட்டர். கையில் கிரீஸ் படுவதில்லை. ஆனால் ஒன்று: சக்கரம் மாற்றும்போது தவறினால் மரை சற்றே பிசகும், முதல் கீறலிலேயே கண்ணில் படும். இங்கே ஒன்றுக்குப் பதில் சுழியை அடித்துவிட்டால் எந்திரம் 25 மடங்கு தள்ளிப் போய்க் கட்டையில் முட்டும்.

கோயம்புத்தூரில் இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே பல சமயம் ஒரே ஒரு சந்துதான். ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு பக்கத்துப் பட்டறைகளில் பம்புக்கும் மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் ஜாப் ஒர்க் செய்தே தலைமுறைகள் போயின. வசதியுள்ளவர்கள் எச்.எம்.டி. வாங்கினார்கள், 1953இல் பெங்களூரில் தொடங்கிய அந்த அரசு நிறுவனத்தின் பெயரே அன்று உறுதிக்குச் சான்று. மற்றவர்களுக்குப் பஞ்சாபின் பட்டாலாவிலிருந்தும் குஜராத்தின் ராஜ்கோட்டிலிருந்தும் இலகுரக லேத்துகள் வந்தன. எந்திரத்தில் ஆட்டம் இருக்கும். எந்தப் பக்கம் எவ்வளவு ஆட்டம் என்பது அதை ஓட்டுகிறவரின் கைக்குத் தெரியும். கைப்பிடியைக் கொஞ்சம் அதிகமாகப் பின்னிழுத்து, மறுபடி முன்னால் கொண்டுவந்து, ஆட்டத்தைத் தின்றுவிட்டுத்தான் டயலைப் படிப்பார். துல்லியம் பாதி இரும்பில் இருந்தது, மீதி அவர் மணிக்கட்டில்.

எண்களைக் கொண்டு எந்திரத்தை ஓட்டும் எண்ணம் பிறந்தது இதிலிருந்து வெகு தொலைவில். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துவந்தார். இறக்கையின் வளைவைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு, அந்தப் புள்ளிகளின்படியே எந்திரத்தை நகர்த்தினால் என்ன என்று கேட்டவர் அவர். விமானப்படை பணம் கொடுத்தது, 1952இல் எம்.ஐ.டி. ஆய்வகம் ஒரு மில்லிங் எந்திரத்தை அப்படி ஓட்டிக் காட்டியது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்கள். கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவில் வந்தன.

அந்தப் பெட்டியின் வேலையைச் செய்யும் பலகை இன்று உள்ளங்கைக்குள் அடங்கும். நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் 2009இல் எழுதி யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்ட ஜிஆர்பிஎல் மென்பொருள், 32 கிலோபைட் நினைவகம் மட்டுமே உள்ள ஆர்டுயினோ பலகையில் ஓடி மூன்று அச்சுகளை ஒரே நேரத்தில் நகர்த்துகிறது. இதற்கும் முன்பு வீட்டில் சி.என்.சி. கட்டியவர்கள், பிரிண்டர் மாட்டும் 25 பின் சாக்கெட் உள்ள பழைய கம்ப்யூட்டருக்காகப் பழைய சாமான் கடைகளில் அலைந்தார்கள். அந்த அலைச்சல் இப்போது இல்லை.

வீட்டில் எந்திரம் கட்டுவது புதிய ஆசையும் அல்ல. மிசௌரியைச் சேர்ந்த டேவ் ஜிங்கரி 1980களில் இதற்காக ஏழு நூல்களை வரிசையாகக் கொண்டுவந்தார். முதல் நூலில் கரி அடுப்பு கட்டச் சொல்கிறார். அதில் பழைய அலுமினியத்தை உருக்கி மண் அச்சில் வார்த்தால் லேத்துக்கான பாகங்கள். அந்த லேத்தைக் கொண்டு ஷேப்பர். பிறகு மில்லிங் எந்திரம். வாங்கக் காசில்லாதவன் நேரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்ட எந்திரம் அது. இன்று வீட்டில் கட்டுகிறவர் எதையும் உருக்குவதில்லை. நகரும் பாகங்கள் ஓடும் ரயில், பால் ஸ்க்ரூ, ஸ்டெப்பர் மோட்டார், அதை இயக்கும் டிரைவர் எல்லாம் கூரியரில் வருகின்றன. அவர் சொந்தமாகச் செய்ய மிஞ்சுவது சட்டம் ஒன்றுதான். அதற்குத்தான் இரும்புக் குழாய்.

கிரில் பட்டறைக்கும் கேட் செய்கிறவருக்கும் போகும் அதே சதுரக் குழாய். இருபதடி நீளம், எடைக் கணக்கில் விலை. 50க்கு 50 குழாய், 2 மி.மீ. கனம் என்றால் மீட்டருக்கு மூன்று கிலோ. உள்ளே வெறும் காற்று உள்ள இந்தப் பொருளை நம்பி எந்திரம் கட்டலாமா என்று பழைய ஆள் கேட்பது இயல்பு. கணக்கு குழாயின் பக்கம் இருக்கிறது. அதே மூன்று கிலோ இரும்பைக் கெட்டிச் சதுரக் கம்பியாக அடித்தால் பக்கம் இருபது மில்லிமீட்டர்கூட வராது. ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டையும் கிடத்தி நடுவே பத்து கிலோவை வைத்தால் கம்பி 0.83 மி.மீ. தொய்யும், குழாய் 0.07 மி.மீ.தான். இரும்பு நடுவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவு விறைப்பு. எடையைக் கூட்டாமலே பன்னிரண்டு மடங்கு.

ஆனால் இந்த 0.07ஐ மோட்டாரின் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். டிரைவர் அந்த ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரித்தால் 1,600. சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் ஸ்க்ரூவில் ஓர் அடி என்பது சுமார் மூன்று மைக்ரான். திரையில் மூன்று தசம இடங்கள் மின்னும். பழைய லேத்தின் டயலில் மிகச் சிறிய கோடு, நல்ல நாளில், இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது இருபத்தைந்து மைக்ரான். எண்ணில் எட்டு மடங்கு முன்னேற்றம். அந்த மூன்று மைக்ரானைச் சுமக்கும் குழாயோ பத்து கிலோ பாரத்துக்கே எழுபது மைக்ரான் தொய்கிறது. புதிதாகக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் மோட்டாரில் தாராளமாகச் செலவழித்துவிட்டுக் குழாயில் மிச்சம் பிடிப்பார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும்.

லேத்தின் படுக்கை வார்ப்பிரும்பு. வார்த்தவுடன் கடைய மாட்டார்கள். உள்ளிருக்கும் இறுக்கம் தணிய மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு வைப்பார்கள். பிறகு நீலச் சாயம் தடவித் தட்டையான பலகையில் தேய்த்து, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் கையால் சுரண்டி எடுப்பார்கள். மறுபடி சாயம், மறுபடி சுரண்டல். குழாய்க்கு அந்தப் பொறுமை கிடைத்ததில்லை. தகட்டுச் சுருளை உருட்டி, விளிம்புகளை மின்சாரத்தால் ஒட்டி, உருளைகளுக்கிடையே சதுரமாக்கி அனுப்பியது அது. உட்பக்கம் ஒட்டுத் தழும்பு ஓடும்; நீளவாக்கில் லேசாக முறுக்கியிருக்கும்; தட்டை என்று நாம் நம்பும் முகத்தின் நடு சற்றுக் குழிந்திருக்கும். கேட்டுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. ரயிலை அதன்மேல் நேரே முடுக்கினால் குழாயின் கோணலைத்தான் ரயிலும் பிடிக்கும்.

இதற்கு வீட்டில் எந்திரம் கட்டுகிறவர்கள் கண்ட வழி எனக்குப் பிடித்தமானது. குழாயின் மேல் முகத்தைச் சுற்றி வரப்பு கட்டி, மெல்லிய எபாக்சியை ஊற்றிவிடுகிறார்கள். அது தண்ணீரைப் போல் தானே மட்டம் கண்டு, ஓரிரு நாளில் கல்லாக இறுகுகிறது. கைதேர்ந்தவர் வாரக்கணக்கில் சுரண்டிப் பெற்ற சமதளத்தை, முழுத் துல்லியத்தில் இல்லாவிட்டாலும், புவியீர்ப்பே கொடுத்துவிடுகிறது.

அடுத்தது அதிர்வு. வார்ப்பிரும்பில் கலந்திருக்கும் கிராஃபைட் செதில்கள் அதிர்வைத் தின்றுவிடும். வெற்றுக் குழாய் மணிபோல் ஒலிக்கும். ஆகவே குழாய்க்குள் காய்ந்த மணலை நிரப்புகிறார்கள், அல்லது எபாக்சியில் கருங்கல் சில்லைக் கலந்து அடைக்கிறார்கள். குழாய்க்குள் மணல் போவது இது முதல் தடவை அல்ல. முன்பெல்லாம் உருளைக் குழாயை வளைக்க வேண்டுமென்றால், வறுத்த மணலைத் தட்டித் தட்டி உள்ளே இறக்கி, இரு முனையிலும் மரக்கட்டை அடித்து, உலையில் பழுக்கவைத்துத்தான் வளைப்பார்கள். மணல் இருந்தால் குழாய் நசுங்காது. ஈரம் இருந்தால் நீராவி கட்டையைத் துப்பிவிடும். அதனால் எல்லோரும் முனைக்கு நேரே நிற்காமல் விலகியே நிற்பார்கள். இன்றைய வளைக்கும் எந்திரத்துக்கு ஒரு வளைவுக்கு மூன்று எண்கள் போதும்: எவ்வளவு நீளம், எவ்வளவு சுழற்சி, எவ்வளவு கோணம். குளிர்ந்த குழாய் வளைத்த பின் சற்றே நிமிரும் என்பதால், அந்த அளவை முன்கூட்டியே சேர்த்து வளைத்துவிடுகிறது.

உருளைக் குழாய்கள் இரண்டை டீ வடிவில் சேர்ப்பதும் அப்படியே மாறியது. ஒன்றின் முனை மற்றதன் முதுகில் சேணம்போல் உட்கார வேண்டும். அன்று குழாயின் சுற்றளவைக் காகிதத்தில் பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டிலும் உயரம் குறித்து, புள்ளிகளை வளைகோட்டால் இணைத்து, காகிதத்தைக் குழாயில் சுற்றிக் கோடு போட்டு, ஹாக்ஸாவால் வெட்டி, அரைவட்ட அரத்தால் ராவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். கீற்று வெளிச்சம் தெரிந்தால் மறுபடி அரம். இன்று வீட்டு எந்திரத்திலேயே நான்காவது அச்சாகக் குழாயைப் பிடிக்கும் சக் ஒன்றை மாட்டி, குழாய் சுழலச் சுழல பிளாஸ்மா முனை முன்னும் பின்னும் நகர, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சேணம் வெட்டி விழுந்துவிடுகிறது. அரம் பிடித்த காலத்துக்காக நான் ஏங்கவில்லை. கைவேலையின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் எட்டு மணி நேரம் அரம் பிடித்தவர்களாக இருப்பதில்லை, என்னையும் சேர்த்துத்தான். லேத் பெல்ட்டில் விரலைக் கொடுத்தவர்களும், வயது நிரம்புமுன் பட்டறைக்கு அனுப்பப்பட்டவர்களும் அந்த அழகுக்குள் இருந்தார்கள்.

போனது வேறொன்று. "சத்தத்தைக் கேளு தம்பி, டூல் மழுங்கிருச்சு" என்று முதுகைத் திருப்பியபடியே சொல்லும் மேஸ்திரிகள் இருந்தார்கள். வெட்டும்போது டூலின் எதிர்ப்பு கைப்பிடி வழியாகக் கைக்கு வந்தது. ஸ்டெப்பர் மோட்டாருக்கு அப்படி எதுவும் வருவதில்லை. அது கட்டளையை வாங்கிக்கொள்ளும், போய்ச் சேர்ந்தேனா என்று திரும்பிப் பார்க்காது. பாரம் மிஞ்சி நடுவே சில அடிகள் தவறிவிட்டாலும், எல்லாம் சரி என்ற நம்பிக்கையில் மீதி வேலை முழுவதையும் தள்ளிப்போன இடத்திலேயே வெட்டி முடிக்கும். திரையில் எண்கள் அப்போதும் மூன்று தசம இடங்களில் சரியாகவே இருக்கும்.

ஒரு விநோதம். டர்னரின் வேலையைப் பெருமளவு எடுத்துக்கொண்ட எந்திரம், ஃபிட்டரின் வேலையைத் தொடவில்லை. நாலு குழாயை வெல்டு வைத்தால் சூட்டில் சட்டம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். முதலில் டேக் மட்டும் வைக்க வேண்டும், மூலைக்கு மூலை மாற்றி மாற்றி வெல்டு போட வேண்டும், இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே நீளமா என்று ஒவ்வொரு முறையும் டேப் பிடிக்க வேண்டும். அப்படியும் வளைந்துவிட்டால் புடைத்த பக்கத்தில் ஓர் இடத்தைக் கேஸால் பழுக்கவைத்து ஆறவிட்டால், ஆறும்போது இரும்பு சுருங்கிச் சட்டத்தை நேராக்கும். எவ்வளவு அகலம், எவ்வளவு நிறம் வரும்வரை என்பதைக் காட்டித்தான் கற்றுக்கொடுக்க முடியும். மென்பொருளில் தேர்ந்த இளைஞர்கள் இதற்காகக் கிரில் பட்டறைக்காரரைத் தேடி, "அண்ணா, இதைக் கொஞ்சம் நேராக்கித் தாங்க" என்று நிற்கிறார்கள். அவர் கேட்கும் கூலி பெரும்பாலும் மிகக் குறைவு. ஜன்னல் சட்டம் நிமிர்த்துவதற்கு வாங்குவதையே கேட்கிறார்.

சட்டம் நின்று, ரயில் ஏறி, எந்திரம் ஓடத் தொடங்கியதும் அதற்குக் கொடுக்கும் முதல் வேலை, தன் மேசையைத் தானே இழைத்துக்கொள்வது. அகலமான கட்டர் வரிவரியாகப் போய் மேசையை ரயிலுக்கு இணையாக்குகிறது. முடிந்ததும் விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் நடுவே நகம் தட்டினால் ஸ்பிண்டில் மேசைக்குச் செங்குத்தாக இல்லை. அன்றைய பட்டறையில் பித்தளைத் தகடு வைத்துச் சரிசெய்வார்கள். இன்று குளிர்பான அலுமினிய டப்பாவைக் கத்தரிக்கிறார்கள். அதன் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. ஸ்பிண்டில் தாங்கியின் கீழ்ப் போல்ட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு, போதாவிட்டால் இன்னொன்று, பிறகு மறுபடி இழைப்பு.