ரத்தம் சொல்லும் காய்ச்சல் கணக்கு

நம்ம ஊரில் காய்ச்சல் வந்த எல்லோரும் ஆஸ்பத்திரிக்கா போகிறார்கள்? கஷாயமும் கஞ்சியும் குடிச்சு வீட்டிலேயே எழுந்து உட்கார்ந்தவர்கள்தான் அதிகம். இவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பிறகு, கொசுவும் உண்ணியும் பரப்பும் வைரஸ் ஒரு வட்டாரத்தில் எத்தனை பேரைத் தொட்டது என்று எப்படித் தெரியும்?

ரத்தத்தைக் கேட்டால் தெரியும். வைரஸ் போன பிறகும் அதை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் தங்கிவிடும். ஐஜிஎம் இருந்தால் அண்மையில் வந்த தொற்று. ஐஜிஜி மட்டும் இருந்தால் பெரும்பாலும் பழைய தொற்று. அதனால்தான் நோயில்லாதவர்களிடமும் ரத்தம் கேட்கிறார்கள். சின்னப் பிள்ளைகளிடம் எதிர்ப்பொருள் இருந்தால், கிருமி இந்தச் சில வருஷங்களில் ஊருக்குள் சுற்றியிருக்கிறது என்று பொருள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-18இல் 15 மாநிலங்களில் சுமார் 12,300 பேரிடம் இப்படிப் பார்த்தது. டெங்கு தொட்டவர்கள் நாடு முழுக்க 48.7 சதவீதம், தென்மாநிலங்களில் 76.9 சதவீதம்! ஆஸ்பத்திரிக் கணக்கு இதன் பக்கத்தில்கூட வராது.

ஒரு சிக்கல் உண்டு. டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், உண்ணி பரப்பும் குரங்குக் காய்ச்சல் மூன்றின் வைரஸும் ஒரே குடும்பம். ஒன்றின் எதிர்ப்பொருள் இன்னொன்றின் சோதனையிலும் தலைகாட்டும். எனவே, உறுதிசெய்ய அடுத்த கட்டச் சோதனை வேண்டும்.

மூடாக்குக்குச் சருகு அள்ளும் நமக்கு இந்தக் குரங்குக் காய்ச்சல்தான் முக்கியம். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டை ஒட்டிய ஊர்களில் இது கண்டறியப்பட்டது. முதலில் செத்து விழுந்தவை குரங்குகள். 2012-13இல் நீலகிரியிலும் செத்த குரங்குகளில் இந்த வைரஸ் இருந்தது. பனிக்காலம் தொடங்கிக் கோடை வரை சருகில் இளம் உண்ணிகள் மொய்க்கும்.

காட்டோரம் விவசாயம் செய்பவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: காட்டுச் சருகை வீட்டு முற்றத்தில் குவிக்காதீர்கள். முழுக்கை, முழுக்கால் உடுத்துங்கள். திரும்பியதும் குளித்து, உடம்பிலும் மாட்டிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். குரங்கு செத்துக்கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

ரத்தம் எடுக்க வந்தால் விரட்ட வேண்டாம். எதிர்ப்பொருள் இருப்பவர் எல்லாம் நோயாளி இல்லை. அவரை ஒதுக்குவதும் தப்பு. "எதுக்கான சோதனை, முடிவை எங்க ஊருக்கு எப்போ சொல்வீங்க?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள். நம்ம ரத்தம் சொல்லும் கணக்கு நம்ம ஊருக்கும் வந்து சேர வேண்டும்.