காது கேட்டால் மட்டும் போதுமா?



"எத்தன தரம் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டான்", "டீச்சர் சொன்னத அரகொறயா எழுதிக்கிட்டு வாரா", "சரியான மொக்கு" என்று லயத்திலும் பாடசாலையிலும் சில பிள்ளைகளுக்குப் பேர் விழுந்து விடுகிறது. பேர் விழுந்த பிள்ளை கடைசி வாங்குக்குப் போகிறது. பிறகு பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நிற்கிறது. புத்தி குறைவு என்று முடிவு கட்டுமுன், அதன் காதும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பது நம் கடமையல்லவா?

கேட்பதும் விளங்குவதும்

சத்தம் காதுச் சவ்வில் பட்டு, மூன்று சிறிய எலும்புகள் வழியாக, நத்தை ஓடு போலிருக்கும் உள்காதுக்குப் போகிறது. அங்கிருந்து நரம்பு அதை மூளைக்குக் கொண்டு போகிறது. அந்தச் சத்தத்தைப் பிரித்துப் பொருள் கொள்வது மூளையின் வேலை.

எங்கள் ஊர் நற்பிட்டிமுனை. பக்கத்து மருதமுனை கைத்தறிக்குப் பேர் போன இடம். தறிச்சத்தத்துக்கு நடுவிலும் நெசவாளர்கள் கதைத்துக் கொள்வார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் மெசின் ஓடும்போது நீங்களும் அப்படித்தான் கதைக்கிறீர்கள். வேண்டாத சத்தத்தை ஒதுக்கி, வேண்டிய பேச்சை மூளை பிடித்துக் கொள்கிறது. சில பிள்ளைகளுக்கு இது லேசில் வராது. அமைதியான இடத்தில் நன்றாகக் கேட்கும். தகரக் கூரையில் மழை கொட்டும் வகுப்பிலோ பாதிச் சொல் தவறிவிடும். "புத்தகத்த எடு, பத்தாம் பக்கத்த விரி, மூணாவது கணக்கச் செய்" என்றால் புத்தகத்தை எடுத்துவிட்டு முழித்துக் கொண்டிருக்கும்.

வேறு சில பிள்ளைகள் தப்புச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக் கொண்டு ஓடும். புதுச்சட்டையின் உரசலைத் தாங்காது. இன்னும் சிலது ஓரிடத்தில் இருக்காமல் சுற்றிக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருக்கும். இதைத் தனி நோய் என்று எல்லா வைத்தியர்களும் ஒப்புக் கொள்வதில்லை. ஆனால் பிள்ளையின் கஷ்டம் உண்மையானது. அதைக் குறும்பு என்று அடித்துத் திருத்த முடியாது.

பரிசோதனை எப்படி நடக்கும்?

முதலில் வைத்தியர் காதைப் பார்ப்பார். குறும்பி அடைத்திருக்கிறதா, சீழ் இருக்கிறதா, சவ்வுக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். இவற்றில் பல, சிகிச்சையால் குணமாகும்.

அடுத்தது கேட்டல் பரிசோதனை. காதில் கருவியை மாட்டி மெல்லிய சத்தங்கள் கொடுப்பார்கள். கேட்கும்போது பிள்ளை கை உயர்த்த வேண்டும். சின்னப் பிள்ளையென்றால் ஒரு மணியைப் பெட்டியில் போடும். சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபெல். 20 டெசிபெல் அளவு மெல்லிய சத்தமும் இரண்டு காதுக்கும் கேட்டால் கேட்டல் சரி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

காது சரியாக இருந்தும் விளங்கவில்லை என்றால்தான் செவிமடுத்தல் பரிசோதனை. இரைச்சலுக்கு நடுவே சொற்களைச் சொல்லியும், இரண்டு காதுக்கும் வெவ்வேறு எண்களைக் கொடுத்தும் பார்ப்பார்கள். பொதுவாக இது 7 வயதுக்குப் பிறகு செய்வது. பிள்ளை பேசும் பாஷையில் செய்வது முக்கியம். சிங்களச் சொல் தெரியாத பிள்ளையைக் காது மந்தம் என்று எழுதிவிடக் கூடாது. உணர்வுக் கஷ்டம் உள்ள பிள்ளையின் விளையாட்டைத் தொழில்வழிச் சிகிச்சையாளர் கவனித்து, தாயிடமும் ஆசிரியரிடமும் விசாரிப்பார். இவற்றில் ஊசியுமில்லை, வலியுமில்லை.

யாரிடம் போவது?

பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் பார்வை, கேட்டல் பற்றிய கேள்விகள் உண்டு. சந்தேகம் இருந்தால் அந்தப் புத்தகத்தோடு குடும்பநல உத்தியோகத்தரிடம் போங்கள். பாடசாலையில் 1, 4, 7, 10ஆம் வகுப்புகளில் வைத்தியப் பரிசோதனை நடக்கும் நாளில் பிள்ளையை மறிக்க வேண்டாம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் வாங்கலாம். கேட்கவே கேட்காத பிள்ளைகளுக்கும் வழி உண்டு. 1912இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையும், கைதடியில் நஃபீல்ட் பாடசாலையும் இருக்கின்றன.

பிள்ளைகளின் கேட்டல் குறைவில் நூற்றுக்கு 60 வரை தடுக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாய்க்குக் கர்ப்பத்தில் ருபெல்லா வந்தால் சிசுவின் காது பழுதாகலாம். நம் நாட்டில் 1996 முதல் அதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். 2020இல் அந்த நோய் இலங்கையில் ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். அது திரும்பி வராமலிருக்க 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் ஊசியைத் தவற விடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. காதில் காய்ச்சின எண்ணெய் ஊற்ற வேண்டாம். ஈர்க்கு, கொண்டை ஊசி விட்டுக் குடைய வேண்டாம்.

2. சீழ் வடிந்தால் உடனே மருந்தெடுங்கள். "தானா நிக்கும்" என்று விட்டுவிடாதீர்கள்.

3. ரேடியோவையும் டீவியையும் நிறுத்திவிட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். ஒரு தடவைக்கு ஒரு வேலை சொல்லுங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

4. ஆசிரியரிடம் பேசி முன் வாங்கில், ஜன்னல் இரைச்சலுக்குத் தள்ளி இருத்தச் சொல்லுங்கள்.

5. சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளையை அடிக்காமல், கொஞ்சம் அமைதியான பக்கம் கூட்டிப் போங்கள்.

கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடுமே என்ற கவலை எங்களுக்கும் தெரியும். ஒருநாள் பேரை அடுத்த மாதம் ஈடு செய்யலாம். விளங்காமலே கழிந்த இரண்டு மூன்று வகுப்புகளைப் பிள்ளை ஈடு செய்வது கஷ்டம். சந்தேகம் உள்ளவர்கள் பிள்ளை மடுவத்திலோ எங்கள் காரியாலயத்திலோ சொல்லுங்கள். கடிதம் எழுதித் தரவும், கூட வரவும் நாங்கள் இருக்கிறோம்.