பதினாறு பைட்டில் பதினான்கு

அறுவடை இயந்திரத்தின் தொட்டியில் முந்தைய வயலின் நெல் தங்கியிருந்தால் விதைநெல்லில் கலப்பு விழும் என்பது நெடுங்காடு கொம்யூனில் நெல் பயிரிடுகிறவர்களுக்குத் தெரியும். கணினியின் நினைவகத்திலும் இதே கோளாறு உண்டு. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் ஒரு பகுதி பயன்படுத்தித் திருப்பிய இடம் இன்னொரு பகுதிக்குப் போகிறது. இடையில் யாரும் துடைக்காவிட்டால் பழைய தரவு அங்கேயே கிடக்கும். லினக்ஸில் 2019-ல் திருத்தப்பட்ட ஒரு பிழையில் இதைத் துல்லியமாகப் பார்க்கலாம். வாகனங்களின் உள்வலையமைப்பான கேன் பஸ்ஸைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி கருவி ஒன்றை இயக்கும் டிரைவரில் அந்தப் பிழை இருந்தது. டிரைவர் தயாராகிவிட்டதைக் கருவிக்குச் சொல்ல 16 பைட் இடம் கேட்டு வாங்குகிறது, முதல் 2 பைட்டில் மட்டும் எழுதுகிறது, அனுப்புவதோ பதினாறையும். மீதி 14 பைட்டில் கெர்னலின் பழைய தரவு எதுவோ கருவிக்குள் போய்விடுகிறது. திருத்தம் ஒரே சொல்தான்: இடம் ஒதுக்கும் ‘கேமாலாக்’ இருந்த இடத்தில், இடத்தைச் சுழியமாக்கிக் கொடுக்கும் ‘கேஇசட்அலாக்’.

வெறும் 14 பைட்டுக்கா இவ்வளவு கவலை என்று கேட்கலாம். 64 பிட் கணினியில் ஒரு நினைவக முகவரிக்கு 8 பைட் போதும். தாக்குபவர் குறிவைக்க முடியாதபடி கெர்னல் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் தன் இருப்பிடத்தை மாற்றிக்கொள்கிறது. கசிந்த ஒரு முகவரி அந்தப் பாதுகாப்பையே உடைத்துவிடலாம். அந்தக் கருவியைப்போல் நடிக்கும் போலி யூஎஸ்பி ஒன்றைச் செருகினால், டிரைவர் அதை நம்பிப் பேசத் தொடங்கிவிடும்.

ஆகவே திருத்தம் அவசியம். ஆனால் ஒவ்வோர் ஓட்டையாகத் தேடி அடைப்பது போதாது என்பதற்கு இந்த டிரைவரே சாட்சி. இதன் இரண்டு கோப்புகள் லினக்ஸ் கெர்னலின் 5.2.9 பதிப்பில் சரியாயின. அதே வகைப் பிழை இருந்த மூன்றாவது கோப்பு 5.3.11 வரை காத்திருந்தது. ஒரே டிரைவருக்குள்ளேயே இப்படியென்றால், ஆயிரக்கணக்கான டிரைவர்களை மனிதக் கண்ணை நம்பி விட முடியாது. எந்த இடத்தையும் சுழியமாக்கியே கொடுப்பதுதான் இயல்பான வழக்கமாக இருக்க வேண்டும் என்பது என் வாதம். 5.3 பதிப்பு முதல் லினக்ஸில் அதற்கு ‘இனிட்_ஆன்_அலாக்’ என்ற வசதியும் இருக்கிறது.

வேகம் குறையும் என்பது பழைய ஆட்சேபம். பெரும்பாலான வேலைகளில் இழப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு, சில செயற்கைச் சோதனைகளில் மட்டும் 7 சதவீதம் வரை என்று கெர்னலின் அமைப்புக் குறிப்பே சொல்கிறது. பாதுகாப்புக்கு இது மலிவான விலை. துடைத்துக் கொடுத்தால் பிழைகள் மறைந்துவிடும் என்பது அதைவிட வலுவான ஆட்சேபம். அதற்குத்தான் சோதனைக்கென்றே கேஎம்சான் என்ற கருவி 6.1 பதிப்பில் சேர்ந்தது. எழுதப்படாத பைட் எங்கே பயன்படுகிறது என்பதை அது பின்தொடர்ந்து காட்டும். மூன்றாவது ஆட்சேபத்தை நான் முழுதாக ஏற்கிறேன்: சுழியம் எப்போதும் பாதுகாப்பான மதிப்பல்ல. லினக்ஸில் பயனர் எண் 0 என்றால் எல்லா அதிகாரமும் கொண்ட ரூட். சரியான மதிப்பை எழுதும் கடமை நிரலாளரை விட்டு நீங்காது.

இது நம்மூர்க் கணினிகளுக்கும் பொருந்தும்: சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இதே கெர்னலில்தான் ஓடுகிறது. பலர் பென்டிரைவ் செருகும் பள்ளி, அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பவர்கள் முதலில் கெர்னலைப் புதுப்பிக்கட்டும். பிறகு பூட் வரியில் ‘இனிட்_ஆன்_அலாக்’ 1 என்று இருக்கிறதா எனப் பார்க்கட்டும்.