செம்பனைக் குலைக்கும் ஜாதகம் கேட்கிறார்கள்!

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தென்னமரம் என்று ஒரு தோட்டம் இருப்பதை அந்தப் பக்கத்து வாசகர்கள் அறிவார்கள். பெயரில் தென்னை இருந்தாலும் வரலாற்றில் அதற்கு இடம் கிடைத்தது செம்பனையால்தான். 1917-ஆம் ஆண்டு, ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவில் வணிக நோக்கிலான முதல் செம்பனை நடவை அங்கேதான் செய்தார். (இவர் பிற்பாடு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார்.) நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இன்று ஐரோப்பாவில் செம்பனை எண்ணெய் வாங்குகிறவர்கள் விலையையும் தரத்தையும் கேட்பதோடு நிற்பதில்லை. "இந்த எண்ணெய்க்கான பழம் எந்த நிலத்தில் விளைந்தது? நிரூபிக்க முடியுமா?" என்றும் கேட்கிறார்கள்.

கல்யாணத்துக்கு ஜாதகம் கேட்கிற மாதிரிதான் இதுவும். அந்த ஜாதகத்தை யாரும் திருத்தி எழுத முடியாதபடி வைத்துக்கொள்ள 'பிளாக்செயின்' உதவுமா என்பதுதான் அண்மையில் எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நான் எடுத்துக்கொண்ட தலைப்பு. அன்று நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பிளாக்செயின் என்ற சொல்லைக் கேட்டதுமே அரங்கில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, "இதுவும் காசு போட்டால் இரட்டிப்பாகும் என்கிற கதைதானே?" என்றார். அவர் மேல் தப்பில்லை. பிட்காயின் பெயரைச் சொல்லிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் 2009-இல் பிட்காயின் வெளிவந்தபோது, அதன் கணக்கை எழுதி வைப்பதற்குப் பயன்பட்ட முறைதான் பிளாக்செயின். அந்த முறையை மட்டும் தனியே எடுத்து, நாணயம் எதுவும் இல்லாமல் வேறு கணக்குகளையும் எழுதலாம். நமக்கு வேண்டியது அந்தப் பகுதிதான்.

கிராணியின் புத்தகம்

ரப்பர் பால் வெட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் வெட்டிய பாலை ஸ்டோருக்குக் கொண்டு வந்து நிறுப்பார்கள். கிராணி தன் புத்தகத்தில் எடையை எழுதுவார். சம்பள நாளில் குறைவு என்று தோன்றினால், வெட்டுக்காரரிடம் இருப்பது ஞாபகம். கிராணியிடம் இருப்பது புத்தகம். எது ஜெயிக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

அதே எடையை ஒரே நேரத்தில் ஐந்து புத்தகங்களில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கிராணியிடம் ஒன்று, வெட்டுக்காரர்கள் கையில் ஒன்று, துரையிடம் ஒன்று, தொழிற்சங்கத்திடம் ஒன்று, பாலை வாங்கும் தொழிற்சாலையில் ஒன்று. யாராவது ஒருவர் இரவோடு இரவாகத் தன் புத்தகத்தில் 32 என்பதை 23 என்று மாற்றினால் மற்ற நான்கு புத்தகங்களும் காட்டிக் கொடுத்துவிடும். பிளாக்செயினின் முதல் பாதி இவ்வளவுதான்.

இரண்டாவது பாதி, பக்கங்களைக் கோக்கிற விதம். மளிகைக்கடைக் கணக்கில் ஒரு பக்கத்தின் மொத்தத்தை அடுத்த பக்கத்தின் தலைப்பில் எழுதித்தானே தொடங்குவார்கள்? முந்தைய பக்கத்தில் ஓர் எண்ணை மாற்றினால் பின்னால் உள்ள அத்தனை பக்கமும் தப்பாகிவிடும். கணினியும் இதைத்தான் செய்கிறது. ஒரு பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்து 'ஹாஷ்' என்ற ஒரு குறியீட்டைக் கணக்கிட்டு, அடுத்த பக்கத்தின் தலைப்பில் போட்டுவிடுகிறது. ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்தக் குறியீடு முழுக்க வேறாகிவிடும். பக்கத்துக்குப் பெயர் பிளாக். கோத்ததற்குப் பெயர் செயின்.

தொழில் நிறுவனங்கள் பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய ஏட்டை வைத்துக்கொள்வதில்லை. அனுமதி பெற்றவர்கள் மட்டும் எழுதும் ஏடுதான் அவர்களுடையது. அதற்கு நாணயமும் தேவையில்லை, பிட்காயினைப் போல் மின்சாரத்தை வாரி இறைக்கவும் தேவையில்லை.

இதற்கு ஓர் உதாரணம் பலமுறை சொல்லப்பட்டது என்றாலும் விட மனமில்லை. அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் ஐபிஎம் நிறுவனத்துடன் சேர்ந்து மாம்பழத் துண்டுகளை வைத்து ஒரு சோதனை நடத்தியது. ஒரு பொட்டலம் எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று பழைய முறையில் தேடியபோது ஏறக்குறைய 7 நாள் ஆனது. பிளாக்செயின் ஏட்டில் தேடியபோது 2.2 விநாடிதான்.

பிஸ்கட் டின்னில் ஒரு கேள்வி

இதையெல்லாம் நான் ஒளிப்பதிவுக்காகக் கோல சிலாங்கூருக்குப் போனபோது, ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் ஒரு சிறுதோட்டக்காரரிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து திறந்தார். அதில் பல ஆண்டுகளின் எடைச்சீட்டுகள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக்கட்டாக இருந்தன.

"எல்லாம் இருக்குதும்மா. ஆனா சீட்டுல எழுதும்போதே எடையைக் குறைச்சுப் போட்டுட்டா, நீ சொல்ற அந்த அஞ்சு புத்தகமும் சேர்ந்து அந்தப் பொய்யைத்தானே காப்பாத்தும்?" என்றார்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் பதில் இல்லை. 'பிளாக்செயினில் பொய்யே சொல்ல முடியாது' என்று நான் எழுதி வைத்திருந்த வரியை அன்றைக்கே அடித்துவிட்டேன். எழுதியதை மாற்றவிடாமல் காப்பதுதான் பிளாக்செயினின் வேலை. எழுதியது உண்மையா என்பது அதற்குத் தெரியாது.

அப்படியானால் இதனால் என்னதான் பயன்? செம்பனைக் குலை போகிற வழியைப் பார்த்தால் விளங்கும். சிறுதோட்டக்காரர்களில் பலர் குலையை நேரே ஆலைக்குக் கொண்டு போவதில்லை. வெட்டிய குலையைத் தாமதிக்காமல் ஆலையில் சேர்க்க வேண்டும். வைத்திருந்தால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும். ஒரு டன், இரண்டு டன்னுக்கு யார் தனி லோரி பிடிப்பது? ஆகவே குலை வாங்கும் வியாபாரியிடம் போடுகிறார்கள். அவர் பத்துப் பேருடைய குலையை ஒரே லோரியில் ஏற்றி ஆலைக்கு அனுப்புகிறார். ஆலையின் எடைச்சீட்டு வியாபாரியின் பெயரில் வருகிறது. ஜாதகம் அந்த இடத்தில் அறுந்துபோகிறது. ஆலைக்குள் போனபின் எல்லாமே எண்ணெய். எந்தத் துளி யாருடையது என்று சொல்ல முடியாது.

ஆனால் அளவை வைத்துப் பிடிக்கலாம். நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டருக்கு ஆண்டுக்கு 16 டன் அளவில் இருக்கிறது. ஐந்து ஏக்கர் என்றால் இரண்டு ஹெக்டர். ஆண்டுக்கு 32 டன், நன்றாகப் பராமரித்தால் இன்னும் கொஞ்சம் கூடலாம். அந்த ஐந்து ஏக்கர் உரிமத்தின் பெயரில் ஒரே மாதத்தில் 20 டன் குலை போகிறது என்றால், திருட்டுக் குலையோ காட்டை அழித்து நட்ட நிலத்துக் குலையோ அந்த உரிமத்துக்குள் புகுந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அதேபோல் 100 டன் குலையில் ஏறக்குறைய 20 டன் கச்சா எண்ணெய்தான் கிடைக்கும். ஓர் ஆலை 100 டன் வாங்கியதாகப் பதிந்துவிட்டு, சான்றிதழ் பெற்ற எண்ணெய் என்று 40 டன்னை விற்க வந்தால், ஏடே அந்தப் பதிவை ஏற்க மறுக்கும்படி முன்கூட்டியே விதி எழுதி வைக்கலாம். விவசாயி, வியாபாரி, ஆலை, சுத்திகரிப்பு நிலையம் ஆகிய நால்வரும் ஒரே ஏட்டில் எழுதும்போது, ஒருவர் சொல்லும் பொய்க்கு மற்ற மூவரின் எண்களும் ஒத்துப்போக வேண்டும். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் பிளாக்செயினின் உண்மையான பயன் இதுதான்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மலேசிய செம்பனை எண்ணெய் மன்றம் 2020-இல் புளூம்புளோக் என்ற உள்நாட்டு நிறுவனத்துடன் சேர்ந்து, தோட்டத்திலிருந்து எண்ணெய் வரை பின்தொடரும் பிளாக்செயின் செயலி ஒன்றை முன்னோட்டமாகக் கொண்டு வந்தது. யூனிலீவர் நிறுவனம் இந்தோனேசியாவில் எஸ்ஏபி நிறுவனத்தின் பிளாக்செயின் முறையை வைத்து 1,88,000 டன்னுக்கும் மேற்பட்ட குலைகளைப் பதிந்து பார்த்ததாக 2022-இல் அறிவித்தது.

இந்த அவசரத்துக்குக் காரணம் சட்டம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த பொருள் தன் சந்தைக்குள் வரக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் இயற்றியது. செம்பனை எண்ணெய், ரப்பர், கொக்கோ, காப்பி எல்லாம் அதில் அடங்கும். விளைந்த நிலத்தின் இருப்பிடத்தைக் காட்ட வேண்டும். நான்கு ஹெக்டருக்குள் இருந்தால் வரைபடத்தில் ஒரு புள்ளி போதும். அதற்கு மேல் என்றால் எல்லை முழுவதையும் வரைந்து கொடுக்க வேண்டும். 2024 டிசம்பரில் தொடங்க வேண்டிய அமலாக்கத்தை ஓராண்டு தள்ளினார்கள். 2025 டிசம்பரில் மறுபடியும் தள்ளி, பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 என்று வைத்தார்கள். அந்தச் சட்டம் பிளாக்செயின் வேண்டும் என்று எங்கும் கேட்கவில்லை. இடமும் நாளும் நம்பும்படியாக இருந்தால் போதும். விற்பனையாளர்கள் இதை மறைத்துப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏடு எதைக் கேட்கிறதோ அதை மட்டுமே சொல்லும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. சைம் டார்பி பிளாண்டேஷன் (2024 முதல் எஸ்டி கத்ரி) 2019-இல் தன் எண்ணெய் எந்தெந்த ஆலைகளிலிருந்து வருகிறது என்று யாரும் பார்க்கும்படி 'கிராஸ்செக்' என்ற இணையக் கருவியைத் திறந்து வைத்தது. நல்ல முயற்சிதான். ஆனால் 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை அதே நிறுவனத்தின் எண்ணெயைத் தடுத்து நிறுத்தியது, கட்டாய உழைப்பு பற்றிய குற்றச்சாட்டின் பேரில். நிறுவனம் பல மாற்றங்களைச் செய்த பிறகு, 2023 பிப்ரவரியில்தான் அந்தத் தடை விலகியது. எண்ணெய் வந்த வழியைக் காட்டிய வரைபடத்தில், வெட்டியவரின் கடப்பிதழ் யார் கையில் இருந்தது என்பதற்குக் கட்டம் இல்லை. தொழிலாளியின் சம்பளமும் வேலை நேரமும் அந்த ஏட்டில் ஏற வேண்டும், அதில் ஒரு பிரதி அவர் கைப்பேசியிலும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. தோட்டத்து வீட்டில் பிறந்தவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள்.

தோல்வியையும் சொல்லிவிட வேண்டும். மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம்மும் 2018-இல் 'டிரேட்லென்ஸ்' என்ற பிளாக்செயின் ஏட்டைக் கப்பல் சரக்குகளுக்காகத் தொடங்கின. தொழில்நுட்பம் ஓடியது, ஆனால் உலகக் கப்பல் துறை முழுவதையும் அதில் ஒன்றுசேர்க்க முடியவில்லை. 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். போட்டியாளர் வைத்திருக்கும் ஏட்டில் என் வியாபாரத்தை நான் ஏன் எழுத வேண்டும் என்று மற்றவர்கள் தயங்குவது இயற்கைதானே!

தமிழ்நாட்டு அரசு தன் பிளாக்செயின் கட்டமைப்புக்கு 'நம்பிக்கை இணையம்' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறது. ஒருவரை ஒருவர் முழுதாக நம்பாதவர்கள் பலர், ஒரே கணக்கைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய இடத்துக்குத்தான் இது பொருந்தும். நமது கல்வி அமைச்சு 2018-இல் அறிமுகப்படுத்திய இ-ஸ்குரோல் அந்த வகை: பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம், சரிபார்ப்பது முன்பின் அறியாத முதலாளி. போலிப் பட்டத்தைப் பிடிக்க ஏற்ற வழி. ஆனால் கணவனும் மனைவியும் நடத்தும் உணவகத்துக்கு ஒருவர் பிளாக்செயின் விற்க வந்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அங்கே ஒரு சாதாரணக் கணக்குப் புத்தகமே போதும்.

குலை வியாபாரமோ லோரி குத்தகையோ செய்கிற நம்மவர்கள், இப்படி ஒரு முறையில் சேரச் சொல்லி யாராவது வந்தால் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் எடையைப் பதிவது யார், மனிதரா, எடை மேடையோடு இணைந்த கணினியா? தப்பாகப் பதிந்தால் திருத்தப் பதிவு போட வழி உண்டா? என் நிலத்தின் இருப்பிடத்தை யார் யார் பார்ப்பார்கள்? மாதக் கட்டணம் யார் தலையில்? கடைசிக் கேள்விக்கு மட்டும் பலர் சுற்றி வளைத்துப் பதில் சொல்வார்கள். விலை கூடுதலாகக் கிடைப்பது ஏற்றுமதி செய்கிறவருக்கு, செலவு மட்டும் ஐந்து ஏக்கர்காரருக்கு என்றால் அந்த ஏட்டில் சேர யார் முன்வருவார்கள்?

பிஸ்கட் டின் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். எடை மேடை தானே எண்ணை ஏட்டுக்கு அனுப்பி, அதே நொடியில் அவர் கைப்பேசிக்கும் செய்தி வந்தால், குறைத்து எழுதுகிறவருக்கு இடம் சுருங்கும். மேடையையே யாராவது தொட்டால்? அதைச் சோதிக்க ஆள் நேரில் வந்துதான் ஆக வேண்டும். நிகழ்ச்சி ஒளிபரப்பான பிறகு இதைத் தொலைபேசியில் அவரிடம் சொன்னேன். "அப்படி ஒண்ணு வந்தா சொல்லும்மா, சேர்ந்துக்கிறேன். அதுவரைக்கும் டின்னு இருக்கட்டும்," என்றார்.