தினம் ஒரு வைட்டமின் மாத்திரை... ஆயுள் கூடுமா பாஸ்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து, காலை மின்சார ரயிலில் காத்திவாக்கத்தில் இறங்குபவரா நீங்கள்? அப்படியென்றால், 'சத்து மாத்திரை ஒரு அட்டை கொடுங்கண்ணா' என்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். தூக்கம் பத்தல, நேரத்துக்குச் சாப்பாடு இல்ல, மாத்திரையாவது ஈடுகட்டட்டுமே என்கிற நினைப்புதான்.

ஈடுகட்டாது. அமெரிக்காவில் ஆரோக்கியமாக இருந்த சுமார் 3,90,000 பேரின் விவரங்களை 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்தார்கள். 2024-ல் முடிவு வந்தது. தினமும் மல்டிவைட்டமின் போட்டவர்கள், போடாதவர்களைவிட அதிக நாள் வாழ்ந்ததாகத் தெரியவில்லை.

தம் அடிப்பவர்கள் இதையும் படிங்க. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி, ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நம் உடல் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் சத்து அது. 1994-ல் பார்த்தால், மாத்திரை எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகம்! பயந்து கேரட்டை ஒதுக்கிடாதீங்க. சிக்கல் மாத்திரையில்தான்.

'இவ்வளவு வெயில் அடிக்கிற ஊர்ல வைட்டமின் டி குறையுமா?' என்று கேட்கலாம். பகல் முழுக்கத் தூங்கினால் குறையத்தான் செய்யும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலும் இதற்கு உதவாது. வெயில் ஏறிய பிறகு கை, கால், முகத்தில் கொஞ்ச நேரம் நேரடியாகப் படணும். கூடவே கவலை மீன். பேர்தான் கவலை, வைட்டமின் டி, பி12 இரண்டும் அதில் தாராளம். காசிமேட்டில் வஞ்சிரத்தைவிட விலையும் குறைவு.

சிலருக்கு மாத்திரை அவசியம்தான். சுத்த சைவக்காரர்களுக்கு பி12, கர்ப்பிணிகளுக்கு ஃபோலிக் ஆசிட். வைட்டமின் டி குறைவு என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால், வாரம் ஒன்று 60,000 யூனிட் என்று சில வாரங்களுக்கு டாக்டர் எழுதித் தருவார். அதே சீட்டை வைத்து மாசக்கணக்கில் வாங்கிப் போடாதீங்க. டி உடலிலேயே தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி கிட்னியைப் பதம் பார்க்கும்.

இதெல்லாம் நம் கையில் இருப்பவை. காற்று? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்தபோது, ஜனங்கள் வீட்டைவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அந்தக் காற்றுக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கிடையாது. வடசென்னைக்காரர்களின் ஆயுளைப் பற்றிப் பேசுபவர்கள் அதையும் சேர்த்தே பேசணும்.