பேறும் முடிவும்: மகப்பேறு குறித்த தமிழ்ச் சொல்லாட்சியும் கள்ளக்குறிச்சி வட்டாரப் பின்புலமும்

ஆய்வுச் சுருக்கம்

பிள்ளை பெறுவதா, வேண்டாமா என்பதைத் தம்பதியர் தாமே தீர்மானிக்கும் செயல் தமிழ்ச் சமூகத்தில் அண்மைக் காலத்ததாகக் கருதப்படுகின்றது. தமிழ்ச் சொல்லாட்சி மகப்பேற்றைப் ‘பெறுவது’ என்ற நிலையிலேயே வைத்துப் பேசுவதால், முடிவெடுப்பவர் அதில் மறைந்துபோகின்றார். எனினும், பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய ஐயமும் அச்சமும் சங்கப் பாடல்களிலேயே இடம்பெற்றுள்ளன. அவற்றுட் சில இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்ட நிலப்பகுதியோடு தொடர்புடையவை. இவ்விரண்டையும் இணைத்து நோக்குவதாக இக்கட்டுரை அமைகின்றது.

திறவுச்சொற்கள்: மகப்பேறு, மலடு, திருக்கோவலூர், கர்ப்பத்தடை, மாதொருபாகன், கல்வராயன்மலை

‘பெறு’ என்னும் வினை

தமிழில் ‘பெறு’ என்னும் வினை அடைதல், ஈனுதல் ஆகிய இரு பொருளையும் தருகின்றது. பரிசு பெறுவதும் பிள்ளை பெறுவதும் ஒரே வினையால் சுட்டப்படுகின்றன. ‘பெற்றோர்’ என்னும் சொல்லுக்கு ‘அடைந்தவர்’ என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. ‘பேறு’ என்னும் தொழிற்பெயரோ நற்பயன், பாக்கியம் என்னும் பொருள்களையும் ஏற்று நிற்கின்றது. ஆகவே, பிள்ளை இல்லாதவர் இம்மொழியமைப்பில் அடைய வேண்டிய ஒன்றை அடையாதவராகவே தோற்றமளிக்கின்றார். ‘வேண்டாம்’ என்று கருதியவருக்கும், ‘இப்போது வேண்டாம்’ எனத் தள்ளிவைத்தவருக்கும் வழக்கில் நிலைபெற்ற பெயர் எதுவுமில்லை. ‘மலடு’ என்னும் சொல் உடலின் இயலாமையைக் குறிப்பதேயன்றி மனத்தின் முடிவைக் குறிப்பதன்று. பேச்சுவழக்கில் ‘மலடி’ ஒலிக்கும் அளவுக்கு ‘மலடன்’ ஒலிப்பதில்லை என்பதும் எண்ணத்தக்கது.

திருக்குறளின் ஏழாம் அதிகாரத் தலைப்பு இவ்வகையில் நோக்கத்தக்கது. மணக்குடவர் அதனை ‘மக்கட்பேறு’ என வழங்க, பரிமேலழகர் ‘புதல்வரைப் பெறுதல்’ என அமைக்கின்றார். பின்னதில் பிள்ளை ஆண்பாலாகச் சுருங்கிவிடுகின்றது. ‘பெறுதல்’ என்னும் கருத்தோ இரண்டிலும் மாறவில்லை. புறநானூற்று 188ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடைநம்பி, செல்வம் எத்துணை இருப்பினும் பிள்ளை இல்லாதவர் வாழ்நாள் பயனற்றது என்னும் கருத்தை முன்வைக்கின்றான். 222ஆம் பாடலின் சூழலோ இன்னும் கடுமையானது. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், தன்னோடு உயிர்விட வந்த பொத்தியாரை, மகன் பிறந்தபின் வருக எனத் திருப்பி அனுப்பினான். சாவதற்குக்கூட மகவு முன்நிபந்தனையாகின்றது.

இலக்கியத்தின் இக்குரல் அன்றாடப் பேச்சில் கேள்வியாக வடிவெடுக்கின்றது. திருமணமான சில திங்களுக்குள் ‘ஏதாவது விசேஷம் உண்டா?’ என்று தொடங்கும் உசாவல், ஆண்டுகள் செல்லச் செல்ல ‘வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லையா?’ என்று கூர்மை பெறுகின்றது. முதற்கேள்வி மங்கலச் சொல்லால் ஆனது, அன்போடு கேட்கப்படுவது. அதனாலேயே அதற்கு மறுமொழி கூறுவது கடினம். ‘இல்லை’ என்னும் விடை குறையாகக் கேட்கப்படுமேயன்றி முடிவாகக் கேட்கப்படுவதில்லை. வளைகாப்பில் யார் முதலில் வளையல் இடுவது என்னும் தேர்வும் இவ்வாறே வாய்திறவாமல் ஒருத்தியை ஒதுக்கிவைக்கின்றது.

திருக்கோவலூர் நாட்டுப் பிள்ளைகள்

மரபு முழுவதும் பேற்றைப் போற்றி நிற்கின்றது என்று கொள்வது பிழையாகும். மலையமான்கள் ஆண்ட திருக்கோவலூர், இன்று திருக்கோவிலூர் என்னும் பெயரில் 2019 நவம்பரில் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்குகின்றது. இந்நிலத்தோடு தொடர்புடைய இரு நிகழ்ச்சிகள் பிள்ளை பெற்றபின் எழும் கேள்வியைச் சங்க காலத்திலேயே எழுப்புகின்றன.

முதலாவது, மலையமானின் மக்களைப் பற்றியது. பகைமை காரணமாக அச்சிறுவர்களை யானைக் காலில் இடறச்செய்யக் கிள்ளிவளவன் முற்பட்டபோது, கோவூர்கிழார் இடைபுகுந்து பாடியது புறநானூற்று 46ஆம் பாடல். சூழ்ந்து நிற்கும் ஆபத்தை உணராது யானையை வியந்து அழுகையை மறந்து நிற்கும் குழந்தைகளைப் புலவர் காட்டுகின்றார். தந்தையின் பகை பிள்ளையின் தலையில் விழுகின்றது. காக்க முன்வருபவர் உறவினரல்லர், ஒரு புலவர். பிள்ளையை வம்சத்தின் தொடர்ச்சியாகக் கருதும் பார்வைக்கு இப்பாடல் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. வம்சத்தின் தொடர்ச்சி என்பதனாலேயே அப்பிள்ளைகள் கொல்லப்பட இருந்தனர்.

இரண்டாவது, பாரி மகளிர் பற்றியது. பாரி மாண்டபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று மணம் வேண்டினார், இருவரும் மறுத்தனர். இருங்கோவேளிடம் பேசுங்கால் (புறம். 201) தாம் அவர்தம் தந்தையின் தோழர் என்றும், அவர்கள் தம் மகளிர் என்றும் கபிலர் அறிமுகம் செய்கின்றார். பெறாதவர் ஒருவர் ‘என் மகளிர்’ என உரிமை கொள்ளும் இவ்விடத்தில் ‘பெற்றோர்’ என்னும் சொல்லின் எல்லை விரிகின்றது. கபிலர் பாரியின் மகளை மலையனுக்கு அளித்துத் தாம் தீப்புகுந்த செய்தியைத் திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு தருகின்றது. தென்பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் கபிலர் குன்று அந்நினைவை இன்றும் தாங்கி நிற்கின்றது.

இதே மாவட்டத்து உளுந்தூர்பேட்டைப் பகுதியில் உள்ள கூவாகத்தில் சித்திரைத் திங்களில் நிகழும் கூத்தாண்டவர் திருவிழாவையும் இங்குக் குறிப்பிடலாம். களப்பலியாக இருந்த அரவான் வேண்டிய வரம் ஓர் இரவின் துணை, மகவு அன்று. தாலி ஏற்று, மறுநாள் அதனை அறுக்கும் திருநங்கையர் சடங்கில் இல்லறம் என்பது மகப்பேற்றைச் சாராமலே பொருள்படுகின்றது. இதனை விரித்துரைப்பது தனி ஆய்வுக்குரியது.

காரணம் பற்றிய விவாதம்

முடிவெடுக்கும் உரிமைக்கு வெளிப்படையான தமிழ்ச் சொல் கிடைத்தது 1930ஐ ஒட்டிய காலத்திலாகும். சென்னையில் அப்போது இயங்கத் தொடங்கியிருந்த நியோ மால்தூசியன் கழகத்தில் உயர்குடி ஆண்களே மிகுந்திருந்தனர். மக்கள்தொகை, வறுமை, தாயின் உடல்நலம் ஆகியனவே கருத்தடைக்குப் பொதுவாகக் கூறப்பட்ட காரணங்கள். பெரியார் ‘கர்ப்பத்தடை’ குறித்து எழுதியபோது இக்காரணங்களிலிருந்து தம்மைத் தெளிவாக வேறுபடுத்திக்கொண்டார். நாட்டின் பொருளாதாரத்திற்காகவோ குடும்பச் சொத்து சிதறாமைக்காகவோ அன்று, பெண்கள் விடுதலை பெறுவதற்காகவே கருத்தடை வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அக்கட்டுரை ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் இடம்பெற்றுள்ளது. பெண்கள் பிள்ளை பெறுவதையே நிறுத்திவிட்டால் உலகம் என்னாவது என்னும் வினாவையும் அந்நூல் எதிர்கொள்கின்றது. உலகம் பெருகாமையால் பெண்ணுக்கு என்ன இழப்பு என்பதே அதன் எதிர்வினா. 1938இல் வெளிவந்த முதல் தொகுதியிலேயே பாரதிதாசனும் கருத்தடையைப் பாடுபொருளாக்கினார்.

இங்கு ‘எத்தனை?’ என்னும் கேள்வியும் ‘வேண்டுமா?’ என்னும் கேள்வியும் பிரித்தறியப்பட வேண்டும். பின்னாளைய அரசுக் குடும்பநலத் திட்டம் முதற்கேள்வியை மட்டுமே ஏற்றது. ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்னும் முழக்கத்தில் எண் குறைகின்றது. ஆனால் சுழியம் அங்கு இல்லை. முறையை எடுத்துக்கொண்ட அரசு, சுயமரியாதை இயக்கம் கூறிய காரணத்தை எடுத்துக்கொள்ளவில்லை எனலாம்.

பொன்னாளின் பன்னிரண்டு ஆண்டுகள்

சமூக அழுத்தத்தைத் தற்காலப் புனைவில் மிக நுணுக்கமாகப் பதிவுசெய்தது பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010). திருச்செங்கோட்டுப் பகுதியைக் களமாகக் கொண்ட இந்நாவலில் காளியும் பொன்னாவும் ஒருவர்மேல் ஒருவர் தீராத விருப்பமுடையவர்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளையில்லை என்பது அவ்விருவருக்கிடையே தோன்றிய குறையன்று. வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரப்படும் குறை. நற்காரியங்களில் பொன்னா ஒதுக்கப்படுவதும், காளிக்கு மறுமணம் பேசப்படுவதும், சொத்து யாருக்கு என்னும் ஏளனமும் சிறிது சிறிதாக அவர்களுக்குள் இறங்குகின்றன. இறுதியில் எடுக்கப்படும் முடிவு குடும்பத்தாரின் முடிவு. பொன்னாவுக்குக் கணவன் இசைந்துவிட்டான் எனப் பொய் கூறப்படுகின்றது.

2014 இறுதியில் எழுந்த எதிர்ப்பும், 2015 சனவரியில் தம்முள் இருந்த எழுத்தாளர் இறந்துவிட்டதாக ஆசிரியர் வெளியிட்ட அறிவிப்பும், 2016 சூலை 5ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் கருத்துரிமை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. ஆனால் விவாதம் ஊர்ப்பெருமை, கோயில், சாதி ஆகியவற்றைச் சுற்றியே சுழன்றது. ஒரு பெண்ணைப் பிள்ளைக்காக எந்த எல்லைவரை தள்ளலாம் என்று நாவல் எழுப்பிய வினா அவ்வாரவாரத்தில் கேட்கப்படாமற் போயிற்று. தொடர்ச்சியாக வந்த ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ ஆகிய இரண்டும் வேறுவேறு முடிவுகளை வைத்துக்கொண்டு, குழந்தை உருவானபின்னும் அமைதி திரும்பவில்லை என்பதையே காட்டுகின்றன.

அரசின் இரு குரல்

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழ்நாட்டின் மொத்தக் கருவள வீதம் 1.8, மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டு அறிக்கையில் அது 1.4. மக்கள்தொகை நிலைபெறத் தேவைப்படுவதோ 2.1. இக்குறைவே இன்று அச்சமாக மாறியுள்ளது. தொகுதி மறுவரையறையை முன்னிட்டு, 2024 அக்டோபரில் ஒரு திருமண விழாவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘பதினாறும் பெற்று’ என்னும் வாழ்த்தை நினைவூட்டினார். அது பதினாறு செல்வங்களைக் குறிப்பது என விளக்கியவர், இனிப் பதினாறு பிள்ளைகளையே பெறவேண்டுமோ என்னும் எண்ணம் எழுவதாகவும் கூறினார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் மணமக்களை விரைந்து பிள்ளை பெறுமாறு கேட்டுக்கொண்டார். வாழ்த்துமொழி இங்கு நாடாளுமன்ற இடங்களின் கணக்காக மாறுகின்றது.

சட்டமும் திட்டமும் வேறு திசையில் நிற்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி முதல் இரு பிரசவங்களுக்கே உரியது. இரு குழந்தைகளுக்கு மேல் மகப்பேறு விடுப்பு இல்லை என்னும் விதியால் விடுப்பு மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கருவுறுவதும் கருவுறாதிருப்பதும் பெண்ணின் தனிமனித உரிமையில் அடங்கும் என 2009இலேயே அந்நீதிமன்றம் உரைத்திருந்தது. அரசு ‘குறை’ என்றபோதும் ‘பெருக்கு’ என்றபோதும் முன்னிறுத்தப்பட்டது எண்ணே. பெறுபவள் அவ்விரண்டிலும் பின்னணியிலேயே நிற்கின்றாள்.

மலையிலும் கருணாபுரத்திலும்

புறநானூற்று 312ஆம் பாடலில் பொன்முடியார் ஒரு பிள்ளையை ஆளாக்கும் கடமையைப் பங்கிடுகின்றார். தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என நால்வருக்கும் அதில் பங்குண்டு. போர்ச் சமூகத்தின் பாடலாயினும், பிள்ளை வளர்ப்புக் குடும்பத்தின் தனிச்சுமையன்று என்னும் கருத்து அதில் உள்ளது. இன்று பிள்ளை பெறத் தயங்குவோர் பலரும் கேட்பது இப்பங்கைப் பற்றியே ஆகும்.

கல்வராயன்மலையில் அவ்வினா மிகப் பழையது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகியோரின் சாகீர்களாக விளங்கிய இம்மலை 1976இல்தான் முழுமையாக அரசு நிர்வாகத்தின்கீழ் வந்தது. மலையாளி என்னும் பழங்குடியினரே இங்குப் பெரும்பான்மையினர். பிழைப்புக்காக வெளியூர் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடமோ, அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலோ வளர்கின்றனர். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவ நாளுக்கு முன்பே வந்து தங்குவதற்கெனப் பிறப்புக் காத்திருப்பு அறைகள் அமைக்கப்பட்டமை, சாலைக்கும் மகப்பேற்றுக்கும் உள்ள உறவைப் புலப்படுத்துகின்றது. சமவெளியில் ‘எப்போது?’ என்று கேட்கப்படும் கேள்வி, மலையில் மழைக்காலத்தையும் வண்டி வரும் வழியையும் சேர்த்தே கேட்கப்பட வேண்டியுள்ளது. இம்மலைவாழ் மக்களின் சாலை, மருத்துவம், கல்வி நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தானாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது.

அதற்கு உடனடிக் காரணம் மலையடிவாரத்து நகரில் நிகழ்ந்த பேரிழப்பு. 2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தாய், தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுவரை மாதம் 5,000 ரூபாய் பராமரிப்புத் தொகையும், 5 இலட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், கல்விச் செலவும் வழங்கப்படும் என அரசு அறிவித்தது. பொன்முடியார் வேந்தனுக்கு ஒதுக்கிய பங்கு இங்குத் தொகையாகவும் வயது வரம்பாகவும் எழுதப்பட்டுள்ளது. இருங்கோவேளின் அவையில் கபிலர் கூறிய ‘என் மகளிர்’ என்னும் உரிமைச்சொல்லை அப்பிள்ளைகளைப் பற்றிக் கூறுவோர் அவர்தம் தாத்தா பாட்டியரும் அண்டைவீட்டாருமே ஆவர்.